மூன்று நிமிடத் தீர்ப்பு

அலியைக் கலகக்காரராக வாசித்து வளர்ந்தவன் நான். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக 1967இல் அவர் பட்டத்தைப் பறித்தது எதிராளியின் கை அல்ல, அதிகாரத்தின் பேனா. இதைச் சரியாகவே வாசித்தோம். அதே மாதிரி ஒரு பேனா அவர் பக்கம் சாய்ந்த இரவை மட்டும் வாசிக்காமல் விட்டோம்.

1976 செப்டம்பர் 28, நியூயார்க், யாங்கி ஸ்டேடியம். அலிக்கும் கென் நார்ட்டனுக்கும் மூன்றாவது மோதல். 14 சுற்று முடிந்தபோது இரண்டு நடுவர்களின் தாளில் ஆளுக்கு ஏழு. ஜெயிச்சாச்சு என்று நம்பிய நார்ட்டன் கடைசிச் சுற்றில் அடக்கி ஆடினார். சுற்று அலிக்குப் போனது. பட்டமும் அவரிடமே தங்கியது. நம்மாளு ஜெயிச்சா தீர்ப்பை யாரு கேள்வி கேக்குறா? நானும் கேட்டதில்லை.

நார்ட்டனும் கறுப்பர்தான், 1973இல் அலியின் தாடையை உடைத்து வென்றவர். 1978இல் கவுன்சில் ஒன்று மேசையில் வைத்தே அவருக்குப் பட்டம் கொடுத்தது. அதே ஆண்டு லாரி ஹோம்ஸிடம் அதை இழந்தார், அதுவும் பிளவுபட்ட தீர்ப்பில். உலகப் பட்டப் போட்டி ஒன்றைக்கூட அவர் களத்தில் ஜெயித்ததாகப் பதிவில்லை.

அலியின் பெருமை போர் மறுப்பில் இருக்கிறது. அதற்கு இந்தத் தீர்ப்பு தேவையில்லை. நார்ட்டனுக்கோ அந்த மூன்று நிமிடம்தான் எல்லாம். இதை அலியின் எதிரிகள் சொல்வதைவிட நாம் சொல்வதே நியாயம்.