கடலை விற்கும் பாட்டியும் ஒரு நாட்டின் கணக்கும்

வறுமையை அழகாகக் காட்டலாமா? காட்டினால் அது கலையா, வெறும் பூச்சா? இந்தக் கேள்வி உள்ள அன்பர்கள் கியூபா நாட்டு இயக்குநர் ஃபெர்னாண்டோ பெரெஸ் 2003-இல் எடுத்த ‘சூட் அவானா’ படத்தை அவசியம் பார்க்க வேண்டும்.

கியூபா தன் சர்க்கரையைச் சோவியத் ஒன்றியத்துக்கு விற்று எண்ணெய் வாங்கிய நாடு. 1991-இல் அந்த ஒன்றியமே கலைந்துபோயிற்று. வாடிக்கைக்காரன் ஒருத்தனையே நம்பினவன் கதி என்னாகும் என்று வியாபாரிக்குச் சொல்லவே வேண்டாம். 1989-க்கும் 1993-க்கும் இடையே நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. பேருந்துக்கு எண்ணெய் இல்லை. சீனத்து சைக்கிள்கள் லட்சக்கணக்கில் வந்து இறங்கின. அந்தக் கஷ்டம் முழுக்கத் தீராத தலைநகர் அவானாவில் விடியல் முதல் இரவு வரை ஒரு நாள்: இதுதான் படம். நடிகர்கள் கிடையாது, ஊர்க்காரர்களேதான். பேச்சும் அநேகமாகக் கிடையாது.

பகலெல்லாம் பிறர் செருப்பைத் தைப்பவர், ராத்திரி நன்றாக உடுத்திக்கொண்டு நடனமாடப் போகிறார். மருத்துவமனைச் சலவைக்காரர் இரவில் பெண் வேடமிட்டு மேடையேறுகிறார். தாயில்லாத, டவுன் சின்ட்ரோம் உள்ள மகனுக்காகக் கட்டடக்கலைத் தொழிலையே விட்டுவிட்டார் ஒரு தந்தை. எல்லாம் அழகுதான். ஆனால் ‘இந்தக் கஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்று இவர் கேட்கவே இல்லையே’ என்ற மனக்குறை பாதிப்படம் வரை எனக்கும் இருந்தது.

அதைத் தீர்த்தவர் காகிதச் சுருளில் கடலை விற்கும் பாட்டி, வயது 79. சிறுவயதில் கடையில் பொட்டலம் மடித்தவன் நான். அந்தக் காசு எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியும். அவானாக் கடலைக்காரரின் கூவலை வைத்து மொய்சேஸ் சிமோன்ஸ் அமைத்த பாட்டு 1930-களில் உலகத்தையே ஆடவைத்தது. இந்தப் பாட்டியோ வாய் திறப்பதே இல்லை.

முடிவில் ஒவ்வொருவர் பெயரும் வயதும் கனவும் எழுத்தில் வருகின்றன. சிறுவனுக்கு உயரத்தில் ஏற ஆசை. பாட்டிக்குக் கனவு என்று இனி எதுவுமே இல்லையாம். அவ்வளவுதான், படம் முடிகிறது.

வரவை மட்டும் எழுதிப் பற்றை மறைத்தால் அது கள்ளக் கணக்கு. பெரெஸ் மற்றவர்களின் அழகை வரவில் எழுதினார். பாட்டியைப் பற்றில் எழுதி நேர் செய்தார். யாரையும் திட்டவில்லை, ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார். 2024 அக்டோபரில் கியூபா முழுவதும் மின்சாரம் நின்றுபோன செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பாட்டிதான்.