ஸ்ட்ரெப்டோமைசிஸ் வட்டப்படம்: ஒரு புகார்

ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா பற்றி எந்த அறிமுகக் கட்டுரையைத் திறந்தாலும் பெரும்பாலும் முதல் படம் ஒரு வட்டம்தான். வித்து முளைக்கிறது. மண்ணுக்குள் நூல் மாதிரி இழை ஓடுகிறது. சாப்பாடு குறைந்ததும் இழை மேலே காற்றுக்குள் எழும்புகிறது. அது துண்டு துண்டாகி வித்துச் சங்கிலி ஆகிறது. வித்து உதிர்ந்து மறுபடி முளைக்கிறது. அம்புக்குறி ஓரங்களில் புரதங்களின் பெயர்கள்.

நான் உயிரியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்து கோடு எழுதிப் பிழைக்கிறவன். அதனாலோ என்னவோ, இந்தப் படத்தைப் பார்த்த முதல் நாளே எல்லாம் புரிஞ்சிட்ட மாதிரி இருந்தது. என் புகாரே அதுதான். பார்க்க ஃப்ளோசார்ட் மாதிரி இருக்கு, ஆனா ஃப்ளோசார்ட் இல்லை.

முதலில் பெயர்கள். மேலே எழும்பும் இழை ரோமம் மாதிரி இருக்கும். அது முளைக்காத மொட்டைக் காலனிகளுக்குக் காரணமான மரபணுக்களுக்கு 'பால்ட்' என்று பெயர். இழை முளைத்தும் வித்து முதிராவிட்டால் சாம்பல் நிறம் வராது, காலனி வெள்ளையாகவே நிற்கும். அவை 'வை', அதாவது வைட் என்பதன் சுருக்கம். 1972-இல் கீத் சேட்டர் இப்படி வெள்ளையாக நின்றவற்றைப் பொறுக்கி எடுத்து வகைப்படுத்தினார். எங்க தொழில் பாஷையில் சொன்னா எல்லாமே பக் ரிப்போர்ட். எது கெட்டால் என்ன உடையும் என்று பெயர் சொல்லும். அது வேலை செய்யும்போது என்ன செய்கிறது என்று சொல்லாது. ஃபியூஸைப் பிடுங்கினால் விளக்கு அணையும், அதற்காக வெளிச்சம் தருவது ஃபியூஸ் என்று யாரும் சொல்வதில்லை.

வை-ஏ, வை-பி என்ற இரண்டு புரதங்களை எடுத்துக்கொள்ளுங்க. எது இல்லாவிட்டாலும் இழை நீண்டுகொண்டே போகும், குறுக்குச் சுவர் விழாது. வட்டப்படத்தில் இவை தனித்தனிப் பெயர்கள். ஆனால் மார்க் பட்னர் குழு 2016-இல் காட்டியது வேறு. இரண்டும் ஒரே மரபணுக் கூட்டத்தைத்தான் இயக்குகின்றன, ஒன்று இல்லாமல் மற்றது டிஎன்ஏ-வில் போய் உட்காரவே முடியாது. பேங்க் லாக்கருக்கு ரெண்டு சாவி மாதிரி. இதில் எந்தச் சாவி 'முதலாளி' என்று கேட்பது அர்த்தமில்லாத கேள்வி.

பால்ட்-டி இன்னும் சுவாரஸ்யம். கட்டுப்படுத்தும் புரதம் என்றதும் உத்தரவு போடுகிற அதிகாரி என்று நினைத்துக்கொள்கிறோம். இது பெரும்பாலும் பிரேக். 2014-இல் வந்த ஆய்வின்படி, சைக்ளிக்-டி-ஜிஎம்பி என்ற சின்ன மூலக்கூறு நான்கு சேர்ந்து இரண்டு பால்ட்-டி-களைப் பசை மாதிரி ஒட்டிப் பிடிக்கிறது. அப்படி ஒட்டிய ஜோடிதான் வித்து மரபணுக்களை அமுக்கி வைக்கிறது. பசை குறைந்தால் பிடி விடும். செயற்கையாகப் பசையைக் குறைத்தால் இழை மேலே எழும்பும் கட்டத்தையே தாண்டி அவசர அவசரமாக வித்தாகிவிடுகிறது. ஆக, இங்கே நடப்பது ஆணை இல்லை, விடுவிப்பு. படத்தில் அம்புக்குறி போட்டு இதை எப்படிச் சொல்வது?

எனக்குப் பிடித்த சோதனை 1994-இல் வந்தது. எஃப்டிஎஸ்-இசட் என்ற புரதம் செல்லின் நடுவில் வளையமாகக் கூடி, செல் இரண்டாகப் பிரிய வழி செய்கிறது. ஈ.கோலை-யில் அது இல்லாவிட்டால் சாவுதான். ஜோசப் மெக்கார்மிக்கும் ரிச்சர்ட் லோசிக் குழுவினரும் அதை ஸ்ட்ரெப்டோமைசிஸில் அடியோடு நீக்கிப் பார்த்தார்கள். அது சாகவில்லை. சுவரே இல்லாத ஒரே நீளக் குழாயாக வளர்ந்தது, வித்து மட்டும் இல்லை. செல் பிரிவது வளர்ச்சிக்கு அவசியம் என்று நாம் மனப்பாடம் செய்த வாக்கியம் இங்கே உடைகிறது. இதற்குப் பிரிவு என்பது வளர அல்ல, இடம்பெயர. பல கட்டுரைகளில் இது ஒரு வரியில் கடந்துபோகும். என்னைக் கேட்டால் படத்தையே இதிலிருந்துதான் தொடங்கணும்.

இந்த பாக்டீரியா மேல் ஆர்வம் வந்தது ராயப்பன்பட்டியில், திராட்சைப் பந்தலுக்குக் கீழே. முதல் மழைக்கு எழும் மண்வாசனையில் பெரும்பங்கு ஜியோஸ்மின். அதை முக்கியமாகச் செய்வது இந்தக் கூட்டம்தான். 2020-இல் ஓர் ஆய்வு, ஜியோஸ்மின் செய்யும் மரபணுவை வித்து உருவாகும் கட்டத்துப் புரதங்களே இயக்குகின்றன என்று காட்டியது. வாசனைக்கு வரும் ஸ்பிரிங்டெயில் என்ற குட்டிப் பூச்சி வித்தைச் சுமந்துகொண்டு போகிறது. அந்தப் பூச்சியும் வட்டத்தில் இல்லை.

கடைசியாக, வட்டத்தையே உடைத்த ஒன்று. 2017-இல் கனடாவில் மேரி எலியட் குழு ஸ்ட்ரெப்டோமைசிஸ் வெனிசுவேலே-யை ஈஸ்ட்டுக்குப் பக்கத்தில் வளர்த்தது. டைஃபாய்டுக்குக் கொடுத்த குளோரம்பெனிக்கால் வந்தது இந்த இனத்திலிருந்துதான். திரவத்திலேயே நன்றாக வித்தாகும் என்பதால் மைக்ராஸ்கோப்பில் படம்பிடிக்க வசதி, அதனால் ஆய்வகங்களுக்குச் செல்லப்பிள்ளையும்கூட. ஈஸ்ட் குளுக்கோஸைத் தின்று தீர்த்ததும் இது வித்தாகவில்லை. தட்டு முழுக்கப் பரவ ஆரம்பித்தது, குறுக்கே இருந்த தடுப்பையும் ஏறிக் கடந்தது. டிரைமெத்தில் அமீன் என்ற, அழுகிய மீன் நாற்றமுள்ள வாயுவை விட்டு, தள்ளி இருக்கும் இனத்தாரையும் கிளப்பிவிட்டது. பால்ட், வை மரபணுக்கள் கெட்ட வகைகளும் இப்படிப் பரவின! அத்தனை வருஷம் அம்புக்குறி ஓரத்தில் நின்ற பெயர்கள் எதுவும் தேவைப்படவில்லை.

ஏன் அதுவரை கண்ணில் படவில்லை? வழக்கமாகத் தட்டில் தனியாக வளர்த்ததுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். மண்ணில் எதுவும் தனியாக வாழ்வதில்லை. எங்க பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்கத் திராட்சை. பந்தலுக்குக் கீழே பழம் உதிர்ந்து ஈஸ்ட் ஏறிப் புளிச்சுக்கிட்டே கிடக்கும். அங்கே இது நடக்கிறதா என்று பார்க்க எனக்கு ஆசை.

இது வெறும் படப் பிரச்சினை இல்லை. மருந்தாகப் பயன்படும் ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பங்கு இந்தக் குடும்பம் கொடுத்தது. 2002-இல் ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர்-இன் மரபுத்தொகுப்பைப் படித்தபோது இப்படிப்பட்ட வேதிப்பொருள் செய்யும் கொத்துகள் 20-க்கு மேல் தெரிந்தன. இதில் பல ஆய்வகத்தில் தூங்குகின்றன. தனியாக வைத்து, ஒரே வட்டத்துக்குள் பார்த்தால் அவற்றை எழுப்புவது கஷ்டம்.

வட்டப்படத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மேலே சொன்ன சோதனைகளில் பலவும் அந்தப் படத்தை வைத்துக் கேட்ட கேள்விகள்தான். அம்புக்குறிகளில் எது ஆணை, எது விடுவிப்பு, எது இன்னும் ஊகம் என்று வேறுபடுத்திக் காட்டி, வட்டத்துக்கு வெளியே ஒரு வழியைத் திறந்து வரைந்தால் போதும். நான் அப்படி ஒன்றை வரைய ஆரம்பித்திருக்கிறேன், எஃப்டிஎஸ்-இசட் எங்கே கூடணும் என்று இடம் காட்டும் எஸ்எஸ்ஜி-பி-யை எங்கே வைப்பது என்பதில் சிக்கி நிற்கிறது. மைக்ரோபயாலஜி படித்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்க.