குறுக்கே ஓடும் கம்பி

படுக்கையும் அடுப்பும் கொண்ட கேம்பர் வேனில், 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்குத் துணையாக அதே வகைப் பேட்டரி இன்னொன்றைப் பக்க இணைப்பில், அதாவது நேர்முனை நேர்முனையோடும் எதிர்முனை எதிர்முனையோடும் சேரும்படி பொருத்தும்போது, மின்னழுத்தம் 12.8 வோல்ட்டாகவே நிற்க, கொள்ளளவு மட்டும் இரட்டிக்கிறது. இணைக்குமுன் இரண்டையும் தனித்தனியே முழுமையாகச் சார்ஜ் செய்வர். இவ்வேலையின் உண்மையான நயமோ, வண்டிக்குச் செல்லும் சிவப்புக் கம்பியை முதல் பேட்டரியிலிருந்தும் கறுப்புக் கம்பியை இரண்டாவதிலிருந்தும் எடுக்கும் குறுக்கு இணைப்பில்தான் உள்ளது: பேட்டரிகளை இணைக்கும் கம்பியின் மின்தடை மில்லி ஓம் அளவே எனினும், பேட்டரியின் உள்தடையும் ஏறக்குறைய அவ்வளவே ஆதலால், இரு கம்பிகளையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தால் அதுவே பெருஞ்சுமையைத் தாங்கி முந்தித் தேயும். செலவில்லாத இத்திருத்தம், கம்பி முனையில் லக் எனும் செம்பு இணைப்பு வளையத்தை அழுத்திப் பொருத்திச் சுருங்குகுழாய் போர்த்தும் நேர்த்தியைவிடவும் வியக்கத்தக்கது.