ஏட்டுச் சுவடியும் எண்ணிம நூலகமும்

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885ஆம் ஆண்டில் அச்சேற்றிய காலத்தில், ஒரு பழைய நூலின் பிரதியைப் பெறுதலே பெருந்தவமாய் இருந்தது. பல இடங்களிலிருந்து ஏடுகளை வரவழைத்தல், தொட்டால் உதிரும் ஓலையைக் கலையாது பிரித்தல், செல்லரித்த வரிகளைப் பிற பிரதியோடு வைத்து நோக்குதல் ஆகிய இவற்றிலே ஒரு பதிப்பாசிரியரின் வாழ்நாளிற் பெரும்பகுதி கழிந்தது. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர் ஒருவர், திருநெல்வேலியிலுள்ள தமது விடுதி அறையில் இருந்தவாறே, தொல்காப்பியத்தைக் கையடக்கத் தொலைபேசியிற் பெற்றுவிடுகிறார். இஃது எளிதிற் புறக்கணிக்கத்தக்க மாற்றம் அன்று. ஆயினும் அரிதிற் பெற்றவர் அந்நூலை எங்ஙனம் கற்றார், எளிதிற் பெற்றவர் எங்ஙனம் கற்கிறார் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

பொன்னம்பலம் இராமநாதன் 1921ஆம் ஆண்டில் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் நிலத்திலே 1974இல் பல்கலைக்கழக வளாகம் தோன்றியதும், 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயதும் யாவரும் அறிந்தவை. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் வளாகத் தலைவராய் இருந்தார். 2020ஆம் ஆண்டிற் கொள்ளைநோய் காரணமாக நாட்டின் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, விரிவுரைகள் சூம் என்னும் செயலி வழியாக வீடுகளுக்குள் நுழைந்தன. அன்று தொட்டு எண்ணிமத் திறன் என்னும் தொடர் கல்வியுலகிற் பெருவழக்காயிற்று. இத்தொடரால் பெரும்பாலும் சுட்டப்படுவன யாவையெனின், தட்டச்சுப் பழகுதல், காட்சி வில்லைகள் அமைத்தல், ஒப்படையை உரிய நேரத்திற் பதிவேற்றுதல், மின்னஞ்சல் எழுதுதல் என்பனவே. இவை வேண்டற்பாலன என்பதில் ஐயமில்லை. எனினும் இவை அலுவலகத்து எழுதுவினைஞரும் அறிந்திருக்க வேண்டியவை. பல்கலைக்கழகம் தனக்கே உரியதெனக் கற்பிக்க வேண்டியது, திரையிலே தோன்றும் ஒரு கூற்று எங்கிருந்து வந்தது, எதனைக் கொண்டு நிறுவப்பட்டது என ஆராயும் பழக்கமாகும். அப்பழக்கம் புதியதன்று, பாடபேதம் நோக்கிய பழைய பதிப்பாசிரியர்களின் பழக்கமே அது.

தமிழ் மாணவர்க்கு இன்று கைக்கெட்டும் எண்ணிமத் தொகுப்புகளுள் இரண்டினை ஈண்டு ஒப்பிட்டு நோக்கலாம். ஒன்று 1998இல் தொடங்கப்பட்ட மதுரைத்திட்டம். மற்றையது 2005இல் தோன்றி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தொகுத்துவரும் நூலகம் என்னும் எண்ணிம நூலகம். முன்னையது நூலை எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்து தருகின்றது. பின்னையது பெரும்பாலும் அச்சுப் பக்கத்தைப் படமாகவே தருகின்றது. தட்டச்சுப் பாடத்திற் சொல்லைத் தேடலாம், வேண்டிய பகுதியைப் பெயர்த்து எழுதலாம், விரைவு மிகுதி. ஆனால் தட்டியவர் விரல் தவறினால் அத்தவறும் பாடமாகிவிடும். பக்கப்படமோ தேடுவார்க்கு வளைந்து கொடாது. மெல்ல மெல்லப் புரட்டியே வாசித்தல் வேண்டும். எனினும் தலைப்புப் பக்கம், பதிப்பாண்டு, அச்சகத்தின் பெயர், முகவுரை, பிழைதிருத்தப் பட்டியல் ஆகிய யாவும் அதில் அப்படியே நிற்கின்றன. விரைவு வேண்டுவோர் முன்னையதையும் உறுதி வேண்டுவோர் பின்னையதையும் நாடுதல் முறை. மதுரைத்திட்டத்தார் தம் நூல்கள் பலவற்றின் முகப்பில் தட்டச்சுச் செய்தார், பிழை நோக்கினார் ஆகியோரின் பெயர்களைக் குறித்திருப்பது பாராட்டற்குரியது. மாணவர் பெரும்பாலார் அம்முகப்பைக் கடந்து நேரே பாட்டுக்குச் சென்றுவிடுகின்றனர். தாம் வெட்டியெடுத்து ஒப்படையில் ஒட்டும் பகுதிக்கு ஓர் ஊரும் பேரும் உண்டு என்பது அவர்கள் நினைவிற்கு வருவதில்லை.

ஊரும் பேரும் எதற்கு என வினவுவார்க்குப் பொருளதிகாரப் பதிப்பே விடை கூறும். தாமோதரம்பிள்ளை 1885இல் அதனை நச்சினார்க்கினியர் உரையோடு கூடியதெனவே வெளியிட்டார். மெய்ப்பாட்டியல் முதலாக மரபியல் ஈறாக உள்ள பின்னான்கியல்களுக்கு அதில் அமைந்த உரை பேராசிரியருடையது என்பதைப் பிற்காலத்தில் ரா. இராகவையங்கார் ஆராய்ந்து நிறுவினார். இதனாற் பிள்ளையவர்களின் பெருமைக்கு இழுக்கொன்றும் இல்லை; அவர் அச்சேற்றியிராவிடின் ஆராய்தற்கு நூலே கிடைத்திராது. கருதவேண்டியது வேறொன்று. பதிப்பாண்டும் பதிப்பாசிரியர் பெயரும் நீக்கப்பட்ட உரைப்பகுதி ஒன்று இணையத்தில் உலவுமாயின், அது திருத்தத்திற்கு முந்திய பதிப்பைத் தழுவியதா, பிந்தியதைத் தழுவியதா என்பதை எவ்வாறு அறிவது? உவமவியலுக்கு உரைகண்டவர் இன்னார் என ஒரு மாணவர் எழுதும் ஒருவரி, அவர் எந்தப் பதிப்பைக் கண்டார் என்பதைப் பொறுத்து மெய்யாகலாம், பொய்யுமாகலாம்.

இன்னும் அண்மையதும், யாழ்ப்பாணத்தார் நெஞ்சைத் தொடுவதுமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாளுக்கும் ஜூன் 1ஆம் நாளுக்கும் இடைப்பட்ட இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், மீளப் பெறலாகா ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. இவ்வழிவைப் பற்றி இணையத்திற் காணப்படும் குறிப்புகள் பலவற்றில் ஒரு கூற்று திரும்பத் திரும்ப வருகின்றது: யாழ்ப்பாண வைபவமாலை என்னும் வரலாற்று நூலுக்கு உலகில் இருந்த ஒரேயொரு பிரதி அத்தீயில் அழிந்தது என்பதே அது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பெயர்த்தெழுத, அதிலிருந்து இன்னொன்று பெயர்த்தெழுத, இன்று அக்கூற்றுப் பொதுவுண்மை போலவே நடமாடுகின்றது.

இதனை ஆராயப் பெரும்புலமை வேண்டுவதில்லை. ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய அந்நூலைப் பிறிற்றோ என்பார் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1879இலேயே அச்சிட்டார். சுவாமி ஞானப்பிரகாசர் அந்நூற் செய்திகளைத் தடைவிடைகளால் ஆராய்ந்து, யாழ்ப்பாண வைபவ விமர்சனம் என்னும் நூலை 1928இல் வெளியிட்டார். குல. சபாநாதனின் பதிப்பு 1953இல் வழங்கியது. நூலகம் எரிவதற்கு 100 ஆண்டுகளுக்கு முன்னரே மொழிபெயர்ப்பாகி அச்சேறி, 50 ஆண்டுகளுக்கு முன்னரே விமர்சனமும் பெற்ற நூல் ஒன்றின் ஒரே பிரதி 1981இல் எரிந்தது என்றல் எங்ஙனம் பொருந்தும்? அந்நூலின் பழைய ஏட்டுப்பிரதி ஒன்று அங்கே இருந்து அழிந்திருத்தல் கூடும். அது வேறு கூற்று. ஏட்டுப்பிரதி ஒன்று அழிந்தது என்பதும், நூலே அழிந்தது என்பதும் ஒன்றல்ல.

இத்தகைய நுண்ணிய வேறுபாட்டை எடுத்துக்காட்டுதல், இழப்பின் துயரைக் குறைத்துப் பேசுவதாகும் எனச் சிலர் வருந்தக்கூடும். உண்மை அதற்கு மறுதலையானது. நூலகத்தை எரித்த செயலின் கொடுமை 97,000 நூல்களால் ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது. அதற்கு மிகைக்கூற்றின் துணை வேண்டுவதில்லை. மிகைக்கூற்று ஒன்று பிழையெனக் காட்டப்படும் நாளில், அதனோடு சேர்த்துச் சொல்லப்பட்ட மெய்யான செய்திகளையும் பகைவர் ஐயுறத் தொடங்குவர். மேலும், வைபவமாலை அழிந்ததென நம்பும் மாணவர் அதனைத் தேடமாட்டார். தேடாமையால் வாசிக்கவும் மாட்டார். தீ விட்டுவைத்த நூலை இப்பிழை மாணவரிடமிருந்து மறைத்து விடுகின்றது.

தேடுதலிலும் ஒரு கல்வி உண்டு. கணினி, எழுத்தை எழுத்தோடு பொருத்திப் பார்க்குமேயன்றிப் பொருளையும் காலத்தையும் தானே அறிந்து கொள்ளுமென எப்பொழுதும் நம்புதற்கில்லை. ஈழத்திற் பல்கலைக்கழகக் கல்வி வளர்ந்த வரலாற்றை எழுதப்புகும் மாணவர், பல்கலைக்கழகம் என்னும் சொல்லை மட்டும் இட்டுத் தேடுவாராயின், சர்வகலாசாலை என எழுதிய முந்திய தலைமுறையின் கட்டுரைகள் அவர்க்குத் தென்படா. நூலகத்தைத் தேடுவார் நூல்நிலையம், வாசிகசாலை என்னும் சொற்களையும் அறிந்திருத்தல் வேண்டும். ரேடியோ எனத் தேடினால், யாழ்ப்பாணத்தார் தம் நாவின் ஒலிக்கேற்ப எழுதிய றேடியோ அகப்படாது. பழைய றா, னை முதலிய எழுத்து வடிவங்களை இயந்திரம் பிறழ வாசித்தலும் உண்டு. ஈழகேசரியின் பக்கங்களைக் கண்ணாற் புரட்டிப் பழகியவர்க்கே அதனுள் எச்சொல்லை இட்டுத் தேடுவதென்பது தெரியும். ஆகவே எண்ணிமத் திறனுள் ஒரு பாதி மொழிவரலாற்று அறிவாகவே முடிகின்றது. கணினிப் பாடத்தைக் கணினி ஆசிரியரிடமே முற்றாக ஒப்படைத்துவிட்டுத் தமிழ்த்துறையும் வரலாற்றுத் துறையும் வாளாவிருத்தல் ஆகாது என்பதற்கு இதுவே தக்க காரணம்.

அண்மைக் காலத்திற் செயற்கை நுண்ணறிவு இயந்திரங்களும் மாணவர்க்குத் துணையாக வந்துள்ளன. வினவியவுடன் தெளிந்த நடையில் விடை தருதல் அவற்றின் சிறப்பு. கடினமான ஆங்கிலக் கட்டுரையின் பொருளை எளிதில் விளக்கிக்கொள்ளவும், தம் எழுத்திலுள்ள குழப்பத்தைக் கண்டுகொள்ளவும் அவை பயன்படும். தமிழில் உயர்தரம் கற்று, பல்கலைக்கழகத்தில் ஆங்கில நூல்களின் முன் திகைத்து நிற்கும் மாணவர்க்கு இவ்வுதவி சிறிதன்று. ஆனால் இல்லாத நூலுக்கும் பெயர் சூட்டி, எழுதாத ஆசிரியரையும் எழுதியவராக்கிக் காட்டும் பிழை அவற்றிடம் உண்டு. தடுமாறி எழுதப்பட்ட பொய் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். செம்மையான நடையில் வரும் பொய்யை அறிதற்கு மூலத்தைத் திறந்து பார்த்தல் ஒன்றே வழி. பல பக்கங்களிற் காணப்படுவதை உண்மையென எடுத்துக்கொள்ளும் இயந்திரம், வைபவமாலைபற்றிய முற்கூறிய பிழையையும் அழகிய தமிழில் மீளவும் எழுதித் தருதல் இயல்பே.

மாணவர் இங்ஙனம் மூலத்தை நாடாதிருப்பதற்கு இயந்திரத்தை மட்டும் பழித்தல் நேர்மையாகாது. குடாநாட்டிற் பாடசாலை முடிந்ததும் தனியார் கல்வி நிலையத்தை நோக்கிச் செல்லும் துவிச்சக்கரவண்டிகளின் வரிசை எவரும் காணாததன்று. அங்கே கிடைப்பது குறிப்பு, க. பொ. த. உயர்தரப் பரீட்சைக்கு வேண்டப்படுவதும் அக்குறிப்பே. குறிப்பை எழுதியவர் எந்நூலைக் கண்டு எழுதினார் என வினவிய மாணவர், பாடத்தைப் பின்தள்ளியவராகவே கருதப்படுவார். இவ்வாறு பழகியவர் பல்கலைக்கழகத்திற்கு வந்து, ஒளிப்படப் பிரதிக் கடையிலே மூத்த மாணவரின் குறிப்பைத் தேடுகிறார்; கடையில் இல்லாதபோது இணையத்தில் தேடுகிறார். அவருடைய பழைய கல்விமுறையே மின்சாரம் ஏறி நிற்கிறது. விரிவுரையாளரும் இதில் முற்றும் தப்பியவரல்லர். ஆண்டுதோறும் அதே காட்சி வில்லைகளை வழங்கி, அவற்றையே விடைத்தாளிற் காணும்போது மாணவர் சுயமாகச் சிந்திப்பதில்லை என நோவது எவ்வகையிற் பொருத்தம்?

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் அமைப்புக்கு ஆலோசனை கூறியவர்களுள் ஒருவரான எஸ். ஆர். இரங்கநாதன், 1931இல் வகுத்த நூலகவியல் விதிகள் ஐந்தனுள் வாசகரின் காலத்தைச் சேமித்தல் நான்காவதாகும். எண்ணிம நூலகம் அவ்விதியை அவர் எண்ணியிராத அளவிற்கு நிறைவேற்றியுள்ளது. சேமித்த காலம் எங்கே செலவாகின்றது என்பதே இன்று கேட்கத்தக்கது. ஏடு தேடி அலைந்த மாதங்கள் மிச்சமாயின. அவற்றுள் ஒருமணி நேரமேனும் இரு பதிப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தற்கு ஒதுக்கப்படுமாயின், தாமோதரம்பிள்ளைக்கு வாய்க்காத வசதி இன்றைய மாணவர்க்கு வாய்த்ததாகும்.

இதற்குப் புதிய கட்டடமோ பெருநிதியோ வேண்டா. முதலாண்டில் ஒவ்வொரு துறையும் ஒரு சிறு பயிற்சியைக் கட்டாயமாக்கினாற் போதும். பரவலாக வழங்கும் ஒரு கூற்றை மாணவரிடம் கொடுத்து, அதனை முதலிற் கூறியவர் யார், எவ்வாண்டில், எந்நூலின் எப்பக்கத்தில் என்பதைக் கண்டு எழுதச் செய்தல் வேண்டும். கண்டுபிடிக்க இயலாதவர், தாம் எங்கெங்கே தேடினார், எச்சொற்களை இட்டுத் தேடினார் என்பதை எழுதினாலும் அதற்குரிய புள்ளி வழங்கப்படல் வேண்டும். பரீட்சை வினாத்தாளில் இதற்கு இடமில்லாதவரை, நூலின் தலைப்புப் பக்கத்தை விரலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே செல்லும் மாணவரைக் குறைகூற ஆசிரியர்க்கு உரிமையில்லை; புள்ளி உள்ள இடத்தையே அவரும் தேடுகிறார்.