சான்றும் நம்பிக்கையும்: 'ஏஸ் அட்டர்னி' நிகழ்பட விளையாட்டில் ஆடுவோரின் கதைத்தீர்ப்பு

நீதிமன்றத்தைக் களமாகக் கொண்ட நிகழ்பட விளையாட்டுகளுள் பரவலாக அறியப்பட்டது, ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்டுவரும் 'ஏஸ் அட்டர்னி' வரிசை. ஷு தகுமி எழுதி இயக்கிய முதல் விளையாட்டு 2001 அக்டோபரில் 'கேம் பாய் அட்வான்ஸ்' கருவிக்கென வெளிவந்தது. இதன் கதையை ஆடுவோர் எந்த அளவுகோலால் மதிப்பிடுகின்றனர் என்பதையும், அவ்வளவுகோலை 2007இல் வந்த நான்காம் விளையாட்டு எவ்வாறு சோதிக்கிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆடுபவர் எதிர்வாதி தரப்பு வழக்கறிஞராகிறார். சாட்சியின் கூற்றை வரிவரியாகக் கேட்டு, கையிலுள்ள சான்றோடு முரண்படும் இடத்தில் அச்சான்றை நீட்ட வேண்டும். முதல் விளையாட்டில் ஐந்து முறை தவறினால் கட்சிக்காரர் குற்றவாளி எனத் தீர்ப்பாகும். எனவே கதை நகர்வதே ஆடுபவரின் ஊகத்தால்தான். தமக்குத் தரப்பட்ட சான்றுகளைக் கொண்டே உண்மையை எட்ட முடிந்ததா என்பதே கதையின் தரத்தை அவர்கள் அளக்கும் முதற்கோல். முடிந்திருந்தால், நம்பவியலாத திருப்பத்தையும் ஏற்கின்றனர். முடியாதிருந்தால், அழகிய முடிவையும் ஏமாற்று என்கின்றனர்.

கூற்றைப் பொருள் மறுக்கும் இவ்வமைப்பு தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் அரசியின் சிலம்பிலிருப்பவை முத்துகள். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம். அரசனின் தீர்ப்பு அக்கணத்தில் வீழ்கிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. காப்பியத்தைப் படிப்போர் கோவலன் குற்றமற்றவன் என்பதை முன்னரே அறிவர். சிலம்பின் மெய்ம்மையில் அவர்களுக்கு ஐயமில்லை. விளையாட்டை ஆடுவோர்க்கோ சான்றைத் தவிர வேறு பற்றுக்கோடு இல்லை. சான்றே பொய்யானால் அவர்கள் நிற்க இடமின்றிப் போகிறது.

நான்காம் விளையாட்டு கைவைப்பது இவ்விடத்தில்தான். முதல் மூன்று விளையாட்டுகளின் நாயகரான பீனிக்ஸ் ரைட் இங்கே வழக்கறிஞர் தகுதியை இழந்தவர், கொலைக்குற்றம் சாட்டப்பட்டவர். அவருக்காக வாதாடும் இளைஞர் அப்போலோ ஜஸ்டிஸ், குருதிக்கறை படிந்த சீட்டொன்றை நீட்டி உண்மைக் கொலையாளியை வெளிக்கொணர்கிறார். அச்சீட்டு பீனிக்ஸ் புனைந்த போலிச்சான்று என்பது பின்னர்த் தெரிகிறது. இறுதி வழக்கின் பின்னோக்கிய பகுதியில், பீனிக்ஸின் வாழ்வை அழித்த போலி நாட்குறிப்புத் தாளையும் ஆடுபவரே நீதிமன்றத்தில் நீட்ட நேர்கிறது. முன்னேற வேறு வழியில்லை. இருமுறையும் பொய் செல்வது ஆடுபவரின் கையால்.

பழைய நாயகரின் பண்பு சிதைக்கப்பட்டது என்பது ஆடுவோரிடையே எழுந்த மனக்குறை. அதனை வெறும் பற்றின் வெளிப்பாடாகக் கொள்வது பொருந்தாது. சான்றை நம்பி ஆடுக என்னும் உடன்பாடு முறிந்ததையே அவர்கள் அவ்வாறு உணர்கின்றனர். அவ்வுணர்வு கதையின் நோக்கத்தோடு இசைவதே. முறையான விசாரணையும் பொய்யின்மேல் நிற்கக்கூடும் என்பதை இவ்விளையாட்டு அனுபவமாகவே தருகிறது.

குறை வேறிடத்தில் உள்ளது. இறுதி வழக்கில் உறுதியான சான்று கிட்டாதபோது, பொதுமக்களைக் கொண்ட நடுவர் குழு தீர்ப்பளிக்கிறது. அக்குழுவினர் ஒருவரின் வாக்கை ஆடுபவரே இடுகிறார். ஜப்பானில் பொதுமக்கள் நீதிபதிகளோடு அமரும் முறை 2009 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. வழக்குத் தொடரப்பட்டோருள் 99 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் தண்டிக்கப்படும் அந்நாட்டில், இக்கற்பனை வெறும் அலங்காரமன்று. ஆனால் நடுவர் முன் வைக்கப்படும் செய்திகளைத் திரட்டித் தொகுப்பவர் பீனிக்ஸ். போலிச்சான்று புனைந்தவர் தொகுத்ததை நம்பித் தீர்ப்பளிக்குமாறு கேட்கும் கதை, அப்போலிச்சான்று குறித்து அவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. ஏனைய சாட்சிகளுக்குப் பொருந்தும் விதி அவருக்கு மட்டும் தளர்கிறது.

ஆகவே ஆடுவோரின் தீர்ப்பு பாதி சரி. நம்பிக்கையை உடைத்ததற்காக இக்கதையைக் குறைகூறுவதற்கில்லை. உடைத்தவரிடம் விளக்கம் கேளாமல் புதிய நம்பிக்கையைக் கோருவதே அதன் தீராத முரண்.