வெட்டு தெரியாத சிறகு

சீ ஹோக் விமானத்தின் சிறகு விரிவு 39 அடி. அதற்கு முன்னோடியான ஹோக்கர் பி.1040 முன்மாதிரியின் சிறகு விரிவு 36 அடி 6 அங்குலம். வித்தியாசம் இரண்டரை அடி. எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்ரிக் மொடலில் இது பத்தரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட வரும். ஒரு சிறகுக்கு 5.3 மில்லிமீற்றர். அந்த 5.3 மில்லிமீற்றரை, எடுத்த இடம் தெரியாமல் எடுத்த ஒருவரின் கைவேலையைப் பற்றியே எழுதுகிறேன்.

அவர் ஊர்காவற்றுறையில் பைபர் வள்ளம் வார்ப்பவர். பகலில் அச்சுக்கு மெழுகு பூசி, ஜெல்கோட் அடித்து, கண்ணாடியிழை விரித்து றெசின் தடவுகிறார். இரவில் ஒரு சாணுக்கும் குறைந்த விமானங்களோடு மேசை விளக்கின் கீழ் இருக்கிறார். கிற் பெட்டிகள் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் உறவுகளின் பயணப் பைகளில், உடுப்புகளுக்கு நடுவில் இருந்து வந்தவை. அவருடைய கண்ணாடி அலுமாரியில் பல விமானங்கள் நிற்கின்றன. அவற்றுள் மிகச் சாதுவாகத் தெரிவது இந்த பி.1040. ஆயுதம் இல்லை, அழுக்கு இல்லை, கண்ணைப் பறிக்கும் கோலமும் இல்லை. வருகிறவர்கள் இதைத் தாண்டிப் பக்கத்தில் நிற்கும் பெரிய ஜெற்றைப் பார்க்கப் போய்விடுவார்கள். எனக்கு அந்த அலுமாரியிலேயே உயர்ந்த வேலை இதுதான்.

ஏன் என்று சொல்ல அசல் விமானத்தின் கதை வேண்டும். ஹோக்கர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் சிட்னி காம். ஹரிக்கேன் விமானத்தை வரைந்தவர். 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியபோது எதிர்த்து எழும்பியவற்றில் பெரும்பாலானவை அவருடைய ஹரிக்கேன்கள்தான். உலகப்போர் முடியும் தறுவாயில் அவர் ஜெற் விமானத்துக்கு வந்தார். ஜெற் என்றால் மூக்கில் காற்றை வாங்கி வாலில் தீயைக் கக்கவேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருந்த நேரம் அது. காம் றோல்ஸ் றொய்ஸ் நீன் எஞ்சினை உடலின் நடுவில் வைத்தார். காற்று இரண்டு சிறகுகளின் அடிமூலத்தில் முன்பக்கமாக நுழைந்தது. புகைக்குழாயை இரண்டாகப் பிரித்து, சிறகின் அடிமூலம் பின்னால் முடியும் இடத்தில் இடமும் வலமுமாக வெளியே விட்டார். இதனால் பின்னுடலுக்குள் நீளமான குழாய் ஓடவில்லை. அந்த இடம் எரிபொருளுக்குக் கிடைத்தது. விமானப்படை இதில் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. கடலுக்கு மேல் தூரம் பறக்கவேண்டிய கடற்படைதான் இதன் அருமையைக் கண்டது.

மூன்று முன்மாதிரிகளுக்குக் கட்டளை வந்தது. முதலாவது, வி.பி.401 என்ற இலக்கத்தோடு, 1947 செப்ரெம்பர் 2ஆம் திகதி பொஸ்கொம் டவுனிலிருந்து எழும்பியது. ஓட்டியவர் பில் ஹம்பிள். கடற்படைக்காக என்று கட்டப்பட்டாலும் அந்த முதல் விமானத்தில் கடற்படைக்குரிய உறுப்புகள் பொருத்தப்பட்டிருக்கவில்லை. சிறகு மடங்காது. கப்பல் தளத்துக் கம்பியைப் பிடிக்கும் கொக்கி இல்லை. பீரங்கிகளும் இல்லை. அவையெல்லாம் ஓராண்டு கழித்து, 1948 செப்ரெம்பர் 3ஆம் திகதி பறந்த வி.பி.413இல்தான் வந்தன. உற்பத்திக்குப் போன சீ ஹோக் முதலில் பறந்தது 1951இல்.

நமக்குப் பக்கத்துக் கடலிலும் அது பறந்திருக்கிறது. 1961 மே 18ஆம் திகதி இந்தியாவின் விக்ராந்த் கப்பலில் முதலாவதாக இறங்கிய ஜெற் விமானம் சீ ஹோக். இறக்கியவர் பின்னாளில் கடற்படைத் தளபதியான தஹிலியானி. 1971 டிசம்பரில் வங்காள விரிகுடாவில் நின்ற விக்ராந்திலிருந்து எழும்பி, கொக்ஸ் பஸாரையும் சிற்றகொங்கையும் தாக்கியவையும் இவைதான். ஆகவே கிற் தயாரிப்பாளர்கள் சீ ஹோக்கை விட்டுவைக்கவில்லை. எயார்பிக்ஸ் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒன்றைக் கொண்டுவந்தது. பிறகு ஹொபி பொஸ் கூர்மையான அச்சில் இன்னொன்றைத் தந்தது. பெட்டிக்குள் இருப்பது படையில் சேர்ந்து, சிறகு மடக்கக் கற்று, பீரங்கி தாங்கிய சீ ஹோக். அதிலிருந்து 1947க்குப் பின்னோக்கிப் போகவேண்டும்.

மொடல் செய்கிறவர்கள் பெரும்பாலும் கூட்டுகிறவர்கள். செம்புக் கம்பியால் குழாய் இழுப்பார்கள், ஆசனத்துக்குப் பட்டி கட்டுவார்கள், குண்டுகளை வரிசையாகத் தொங்கவிடுவார்கள். பார்ப்பவருக்கு உழைப்பு உடனே தெரியும், பாராட்டும் கிடைக்கும். முன்மாதிரிக்கு மாற்றுவது இதற்கு நேரெதிர். இங்கே எல்லா உழைப்பும் அழிப்பதற்கே போகிறது. பீரங்கி வாயை அழி, மடிப்புக் கோட்டை அழி, கொக்கி கிடந்த பள்ளத்தை அழி, குண்டு தாங்கிகளுக்கான துளைகளை அழி. கடைசியில் அழித்ததற்கான அடையாளத்தையும் அழி. வேலை எவ்வளவு நன்றாக நடந்ததோ அவ்வளவுக்கு அது கண்ணுக்குத் தெரியாது. இதைச் செய்யத் துணிகிறவரின் மனசு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பீரங்கி வாய்களை எடுத்துக்கொள்வோம். சீ ஹோக்கின் மூக்குக்குக் கீழே பக்கத்துக்கு இரண்டாக நான்கு 20 மில்லிமீற்றர் ஹிஸ்பானோ பீரங்கிகள். பலரும் அந்தத் துளைகளில் புற்றி பூசி, காய்ந்ததும் தேய்த்துவிடுவார்கள். ஊர்காவற்றுறைக்காரர் அப்படிச் செய்யவில்லை. பாகங்கள் கோர்த்து வரும் சட்டத்துக் கம்பியை மெழுகுதிரிச் சூட்டில் இளக்கி இழுத்து, துளையின் அளவுக்கு மெல்லிய கோலாக்கி, கரைபசையில் தோய்த்து உள்ளே இறக்கினார். கரைபசை பொலிஸ்ரைரீனை இளக்கி ஒன்றோடொன்று கலக்கவிடும். கோலும் உடலும் ஒரே பிளாஸ்ரிக். ஆகவே தேய்க்கும்போது இரண்டும் ஒரே அளவில் தேயும். புற்றி உடலை விட மென்மையானது. அது கூடத் தேய்ந்து குழிவிழும், நாள் போகச் சுருங்கியும் விடும். வள்ளத்தின் ஓட்டையை எந்தப் பொருளால் அடைத்தால் எவ்வளவு காலம் நிற்கும் என்று அறிந்த கை அது. ஒட்டி முடித்துப் பல நாள் அப்படியே கிடக்க விட்டார். கரைபசை உள்ளே முழுதாக ஆவியாகாமல் தேய்த்தால் பிறகு பள்ளம் விழும் என்பது அவருக்குத் தெரியும்.

இனிச் சிறகு. 5.3 மில்லிமீற்றரை முனையில் வெட்டி எறிவதுதான் சுலபம். அப்படி வெட்டினால் முனையின் வளைவு போய்விடும். காம் வரைந்த கோட்டில் மிக அழகான பகுதி அது. ஆகவே அவர் முனையை முழுதாகக் கழற்றி வைத்துவிட்டு, அதற்கு உட்பக்கம் துண்டு எடுத்து, முனையைத் திரும்ப ஒட்டினார். இங்கேதான் சிக்கல். சிறகு முனைநோக்கி ஒடுங்கிப் போவது. நடுவில் துண்டு எடுத்தால் உள்பக்க வெட்டு அகலமாகவும் தடிப்பாகவும், முனைப்பக்க வெட்டு குறுகலாகவும் மெல்லியதாகவும் நிற்கும். இரண்டையும் பொருத்த முன்விளிம்பு, பின்விளிம்பு, மேல், கீழ் நான்கையும் ஒரே சீராக இழைக்கவேண்டும். இடது சிறகில் செய்ததை வலது சிறகில் அப்படியே திரும்பச் செய்யவேண்டும். பிறகு தேய்ப்பில் போன தகட்டுக் கோடுகளை ஊசியால் மறுபடி கீறவேண்டும். நான் அந்தச் சிறகைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, முனையிலிருந்து அடி வரைக்கும் வெளிச்சத்தை ஓடவிட்டுப் பார்த்தேன். வெளிச்சம் எங்கும் தடக்கவில்லை. முதுகும் வயிறும் ஒரே ஓட்டமாகப் போயின.

மடிப்புக் கோட்டை அழிப்பதில் வேறொரு நுட்பம் இருக்கிறது. ஆழமான கோட்டை அடைப்பது யாருக்கும் முடியும். அடைத்தபின் அதன் இரு பக்கமும் இருக்கும் மற்றக் கோடுகள் அந்த இடத்தைத் தாண்டி எப்படிப் போகும் என்று முடிவெடுப்பதுதான் அறிவுக்கான வேலை. மடிப்பு இல்லாத சிறகில் தகடுகள் எங்கே சந்தித்திருக்கும்? அவர் பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, தெரிந்த கோடுகளை மட்டும் கீறியிருக்கிறார். தெரியாத இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். கற்பனையில் கோடு போட்டு நிரப்பாத அந்த ஒழுக்கம் என்னைக் கவர்ந்தது.

படங்கள் என்று சொன்னேன். முன்மாதிரியின் தொல்லையே அதுதான். படையில் சேர்ந்த விமானம் ஒரு வடிவத்தில் உறைந்து நிற்கும். முன்மாதிரியோ மாதத்துக்கு ஒரு முகம் காட்டும். வி.பி.401 பறந்த ஆரம்ப நாட்களில் பின்புறம் அதிர்ந்தது. அதைத் தீர்க்க, வாலின் நிலைச்சிறகும் கிடைச்சிறகும் சந்திக்கும் இடத்தில் ஏலக்காய் வடிவில் ஒரு மூடி பொருத்தினார்கள். புகைவாய்க்குப் பின்னாலிருந்த வெப்பத் தடுப்பும் சதுரமான வெட்டிலிருந்து பேனா முள்ளின் கூருக்கு மாறியது. பிறகு அதே விமானத்தின் வாலில் ஆம்ஸ்ட்றோங் சிட்லியின் ஸ்னார்லர் றொக்கெற் எஞ்சினைப் பூட்டி, பி.1072 என்று பெயரும் மாற்றி, 1950 நவம்பரில் பறக்கவிட்டார்கள். ஆலையிலேயே வெட்டி ஒட்டப்பட்ட விமானம் அது. ஆகவே மொடல் செய்கிறவர் முதலில் எந்த நாளைச் செய்யப்போகிறோம் என்று தீர்மானிக்கவேண்டும். ஊர்காவற்றுறைக்காரர் எடுத்தது முதற் பறப்பின் காலம். வால் மூடி இல்லை. வெப்பத் தடுப்பு சதுரம். கிற்றில் அழகாக வார்த்திருந்த அந்த மூடியையும் அரிந்து எறிந்திருக்கிறார்.

பூச்சு அவருக்குக் காற்றோடு நடந்த பேச்சுவார்த்தை. தீவுப்பகுதியில் சோளகம் வீசும் மாதங்களில் மணலும் உப்பும் யன்னல் இடுக்கால் வந்துவிடும். பளபளப்பான பூச்சில் ஒரு மணல் துகள் விழுந்தாலும் அந்தப் பக்கம் முழுவதையும் திரும்பத் தேய்க்கவேண்டும். அவர் விடியப்புறம், காற்று எழும்புமுன், நிலத்தை நனைத்துவிட்டு எயார்பிரஷ் எடுப்பார். முதலில் சாம்பல் அடிப்பூச்சு. கண் விட்ட பிழைகளை அது காட்டிக்கொடுக்கும். பிறகு மெல்லிய படைகள், படைக்குப் படை வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பு. இப்போது மொடல் உலகத்தில் எந்த விமானத்துக்கும் எண்ணெய் வழிசலும் புகைக் கறையும் போடுவது வழக்கமாகிவிட்டது. புதிதாக ஆலையைவிட்டு வந்த முன்மாதிரிக்கு அது பொருந்தாது. அதைச் சுத்தமாக விட்டது சரியான தீர்ப்பு.

பளபளப்பான ஒற்றை நிறப் பூச்சு எந்தப் பிழையையும் மன்னிக்காது. உருமறைப்புக் கோலமாக இருந்தால் இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் கண் தடுமாறும், ஒட்டு மறைந்துவிடும். இங்கே மறைய இடமில்லை. அப்படியும் அந்தச் சிறகில் ஒட்டைக் காணவில்லை.

இத்தனை விமானங்கள் இருக்க இதை ஏன் எடுத்தீர்கள் அண்ணை என்று கேட்டேன். "துவக்கு இல்லாத பிளேன் ஒண்டு செய்து பாக்கோணும் போல இருந்தது, தம்பி" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. எங்கள் தலைமுறைக்கு விளக்கமும் தேவையில்லை. பொம்மர், கெலி, சகடை, கிபிர் என்று சத்தத்தை வைத்தே இனம் பிரிக்கத் தெரிந்த பிள்ளைகளாக வளர்ந்தோம். வானத்தில் இரைச்சல் கேட்டால் பங்கருக்குள் ஓடும் கால்கள் அவை. விமானத்தின் வடிவம் அழகானது என்று நின்று பார்க்க அந்தக் காலம் எங்களை விடவில்லை. சிறகு எங்கே ஒடுங்குகிறது, உடல் எங்கே பருக்கிறது, வால் எந்தச் சரிவில் எழுகிறது என்பதையெல்லாம் இந்த மேசையில்தான் பயமில்லாமல் பார்க்க முடிந்தது. வி.பி.401 போர் விமானமாகப் போகப் பிறந்தது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்றாலும் அதில் பீரங்கி ஏறாத ஒரு காலம் உண்மையில் இருந்தது. அந்தக் காலத்தைத் தேடிப் பிடித்து, அளவு பிசகாமல் அவர் நிறுத்தியிருக்கிறார்.

அடுத்ததாக அவர் எடுத்திருப்பது பி.1052. காம் அதே உடலுக்குப் பின்சாய்ந்த சிறகைப் பூட்டி, 1948 நவம்பர் 19ஆம் திகதி பறக்கவிட்ட சோதனை விமானம். சிறகு விரிவு 31 அடி 6 அங்குலம். இதற்குக் கிற்றின் சிறகு எதுவும் உதவாது. முழுச் சிறகையும் பிளாஸ்ரிக் தகட்டிலிருந்து இழைக்கவேண்டும். இரண்டு பி.1052கள் கட்டப்பட்டன. ஒன்று பின்னர் பி.1081 ஆக மாற்றப்பட்டு, 1951 ஏப்ரலில் விழுந்து நொறுங்கியது. ஓட்டிய ட்றெவர் வேட் அதில் இறந்துபோனார். மற்றது, வி.எக்ஸ்.272, ஈகிள் கப்பலில் இறக்கிச் சோதிக்கப்பட்டு இன்றும் முழுதாக இருக்கிறது. இங்கிலாந்தின் சமர்செற்றில், யோவில்ற்றன் கடற்படை விமான அருங்காட்சியகத்தின் பொறுப்பில். லண்டனில் இருக்கும் தீவார் யாராவது அந்தப் பக்கம் போவதாக இருந்தால், அதைப் பார்க்க அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். பார்க்கக் கிடைத்தால் சிறகு உடலோடு சேரும் இடத்தையும் புகைவாயின் உதட்டையும் பக்கவாட்டில் நின்று படமெடுத்து, ஊருக்கு வரும்போது கொண்டுவாருங்கள். ஊர்காவற்றுறையில் அந்தப் படங்களுக்கு உடனடித் தேவை இருக்கிறது.