நாடியும் அனுசேபக் குறிகாட்டியும்: சீன மரபு நோய்நிர்ணயம், புற்றுநோய் ஆய்வு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

மரபுவழி அறிவொன்றினை நவீன விஞ்ஞானத்தின் மொழியிலே நிறுவ முற்படும் முயற்சிகள் இரட்டைத் தன்மை வாய்ந்தவை. அவை அவ்வறிவினைச் சோதனைக்கு உட்படுத்துவனவாகவும் அமையலாம். சோதனையினின்றும் அதனைக் காப்பாற்றுவனவாகவும் அமையலாம். சீன மரபு மருத்துவம் புற்றுநோயாளரிடத்துக் கண்டு வகுக்கும் ‘செங்’ எனப்படும் நோய்நிலைகளுக்கு இரத்தத்திலும் சிறுநீரிலும் அனுசேபக் குறிகாட்டிகளைத் தேடும் ஆய்வுகள் இந்நூற்றாண்டிலே பெருகி வந்துள்ளன. அவை மேற்கூறிய இரண்டில் எதனைச் செய்கின்றன என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

‘செங்’ என்பது நோயின் பெயரன்று. நாடி, நாவின் நிறமும் படிவும், நோயாளியின் முறைப்பாடுகள், அவரது தோற்றம் ஆகியவற்றை ஒருங்கு நோக்கி, அவ்வேளையில் உடல் எந்நிலையில் உள்ளது என வைத்தியர் செய்யும் தீர்மானமே அது. ஈரற் புற்றுநோயுற்ற இருவருள் ஒருவரிடம் ‘ஈரல், பித்தப்பை ஈரவெப்பம்’ காணப்படலாம். மற்றவரிடம் ‘மண்ணீரற் சக்திக் குறைவு’ காணப்படலாம். இங்கு மண்ணீரல் எனப்படுவது உடற்கூற்றியல் கூறும் உறுப்பன்று. செரிமானத்தையும் ஊட்டத்தையும் தழுவிய ஒரு தொழிற்பாட்டுத் தொகுதி. ஆகவே ஒரே நோய்க்கு வெவ்வேறு சிகிச்சையும், வெவ்வேறு நோய்களுக்கு ஒரே சிகிச்சையும் இம்முறையில் இயல்பானவை. உடலை முழுமையாகவும் மாறிக்கொண்டிருக்கும் ஒன்றாகவும் நோக்கும் இப்பார்வை, இயங்கியற் சிந்தனையிற் பற்றுடைய வாசகரைக் கவர்வதில் வியப்பில்லை. எனினும் கவர்ச்சி வேறு, நிரூபணம் வேறு.

முதலில் வரலாற்றை நோக்குதல் தகும். ‘செங்’ அடிப்படையிலான சிகிச்சையின் வேர்கள் கி. பி. 200 அளவில் வாழ்ந்த சாங் சோங்சிங்கின் மருத்துவ நூல் வரை செல்வன. ஆயினும் அது சீன மருத்துவம் முழுவதற்குமான மையக் கோட்பாடாக ஒழுங்குபடுத்தப்பட்டது 1950களிலேயேயாகும். 1929 இல் நான்கிங் அரசின் கீழ் மரபு மருத்துவத்தை ஒழிக்கும் பிரேரணை முன்வைக்கப்பட்டு, வைத்தியரின் பெரும் எதிர்ப்பினாற் கைவிடப்பட்டது. 1949 இன் பின்னர் மக்கள் சீனம் எதிர்நோக்கிய பிரச்சினையோ வேறு. ஐம்பது கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு மேலைமுறையிற் பயின்ற மருத்துவர் மிகச் சிலரே இருந்தனர். 1950 இல் நடந்த முதலாவது தேசிய சுகாதார மகாநாடு இருமுறை வைத்தியரையும் ஒன்றிணைக்கும் கொள்கையை வகுத்தது. 1956 இல் பீகிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய நகரங்களிற் சீன மருத்துவக் கல்லூரிகள் நிறுவப்பட்டன. 1958 இல் மாஓ சேதுங் இம்மருத்துவத்தைப் பெரும் புதையல் என வருணித்தார். குருசீட மரபில் தலைக்கொன்றாகச் சிதறிக் கிடந்த அறிவினை ஆயிரக்கணக்கான மாணவருக்குப் பாடநூல் வாயிலாகக் கற்பிக்கவேண்டிய தேவை எழுந்தது. இன்றைய ‘செங்’ வகைப்பாடு அத்தேவையின் குழந்தையுமாகும். இது அதன் பெறுமதியைக் குறைப்பதன்று. ஆயின் ஆய்வுகூடம் ‘ஈராயிரமாண்டு ஞானத்தை’ நிறுவிவிட்டது எனப் பேசுவோர் இவ்வரலாற்றை மறந்தே பேசுகின்றனர்.

குறிகாட்டி தேடும் முயற்சியும் புதியதன்று. 1950களின் இறுதியில் ஷாங்காய் நகரிற் பணியாற்றிய ஷென் சிஇன், ‘சிறுநீரக யாங் குறைவு’ எனத் தீர்மானிக்கப்பட்ட நோயாளர் தம்முள் நோயால் வேறுபட்டபோதும், அவர்தம் சிறுநீரில் அதிரீனற் சுரப்பி சார்ந்த ஓமோன்களின் கழிவுப்பொருள் குறைந்திருத்தலை அவதானித்தார். வெவ்வேறு நோய்கள், ஒரே ‘செங்’, ஒரே இரசாயன மாற்றம் என்ற இம்மூன்றினதும் இணைப்பே பிற்கால ஆய்வுகள் அனைத்துக்கும் முன்மாதிரியாயிற்று. மறுபுறத்தில், புற்றுக்கலங்கள் ஒட்சிசன் இருக்கும்போதும் குளுக்கோசைப் பெருமளவில் இலத்திக்கமிலமாக மாற்றுகின்றன என்பதனை ஒட்டோ வார்பேர்க் 1920களில் எடுத்துக்காட்டியிருந்தார். திணிவு நிறமாலைமானியும் கருக்காந்தப் பரிவும் ஒரு துளிக் குருதியிற் பல நூறு அனுசேபப் பொருள்களை ஒருசேர அளக்க வழிசெய்தபோது, 1999 இல் இலண்டனில் நிக்கல்சனும் அவர்தம் சகபாடிகளும் இத்துறைக்குப் பெயரிட்டபோது, இவ்விரு ஓடைகளும் கலத்தற்கான நிலைமை தோன்றியது.

இக்கலப்பின் மீது மூன்று வினாக்களை எழுப்பலாம். முதலாவது, அளக்கப்படும் பொருள் நிலையானதா என்பது. அமெரிக்காவில் மூட்டுவாத நோயாளர் நாற்பதின்மரை மூன்று சீன மருத்துவர் தனித்தனியே பரிசோதித்த ஆய்வொன்று 2005 இல் வெளிவந்தது. எவ்விரு மருத்துவரை எடுத்துக்கொண்டாலும், நோய்நிர்ணயத்தில் அவர்கள் உடன்பட்டது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளரிடத்து மட்டுமே. அளவுகோலே ஆளுக்காள் மாறுபடுமாயின், அதனோடு பொருத்திப் பெற்ற குறிகாட்டி எதனைக் குறிகாட்டுகிறது? மருத்துவர் ஒருவரின் பழக்கத்தையே அது குறித்தல் கூடும்.

இரண்டாவது, வட்டவாதம். ‘ஈரவெப்ப’த்தின் அடையாளங்களுள் ஒன்று தோலும் கண்ணும் மஞ்சளித்தல். அந்நிலையினரின் குருதியிற் பிலிருபினும் பித்தவமிலங்களும் மிகுந்திருத்தல் கண்டு பிடிக்கப்படின், அது செங்காமாலையை மீண்டுமொருமுறை வேறு சொற்களிற் கூறியதேயாகும். ‘மண்ணீரற் சக்திக் குறைவு’ என்பதன் அடையாளங்கள் களைப்பு, பசியின்மை, மெலிவு. முற்றிய புற்றுநோயில் தசை கரைந்து அமினோவமிலங்களின் சமநிலை குலைதல் எல்லோரும் அறிந்ததே. எனவே இங்கு அகப்படும் குறிகாட்டி ‘செங்’ இனுடையதா, நோய் முற்றிய கட்டத்தினுடையதா, அன்றி நோயாளி உண்ணாதிருந்தமையின் விளைவா எனப் பிரித்தறிதல் வேண்டும். ஒரே கட்டத்தில், ஒத்த ஊட்ட நிலையில், ஒத்த மருந்து பெறுவோரிடையே ‘செங்’ வேறுபாடு மட்டும் இரசாயன வேறுபாட்டைத் தருகின்றதா? இவ்வினாவுக்கு விடை காணாத ஆய்வு, தான் எண்ணியதனையே மீளக் காண்கின்றது.

மூன்றாவது, எண்ணிக்கையின் மாயம். ஆயிரம் பொருள்களை அளந்து, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு ஐந்து என்ற தவறு எல்லையை வகுப்பின், உண்மைத் தொடர்பு எதுவுமே இல்லாதபோதும் ஏறக்குறைய ஐம்பது ‘குறிகாட்டிகள்’ கிடைத்துவிடும். நோயாளரோ சில பதின்மர். இவ்விடர்ப்பாடு சீன மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று. சூலகப் புற்றுநோயைக் குருதிப் புரதங்களின் கோலத்தால் மிகத் துல்லியமாகக் கண்டறியலாம் என 2002 இல் புகழ்பெற்ற மேலைநாட்டு மருத்துவ இதழொன்றில் வெளிவந்த முடிபு, அக்கோலங்களுட் பல மாதிரிகளைக் கையாண்ட முறையிலிருந்தே தோன்றியிருக்கலாம் என்பது காட்டப்பட்டபோது, நிலைகுலைந்தது. மேலைநாட்டு ஆய்வுகூடத்தைக் குலைத்த தவறு கீழைநாட்டுக் கோட்பாட்டினை மட்டும் விட்டுவைக்கும் எனக் கருத நியாயமில்லை.

குறிகாட்டி ஒன்று எவ்வாறு அமையவேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டு உண்டு. சில மூளைக் கழலைகளிலும் வெண்குருதிப் புற்றுநோய்களிலும் காணப்படும் நொதிய விகாரமொன்று 2-ஐதரொட்சிகுளுத்தாரேற்று என்னும் பொருளைக் குவிக்கின்றது என 2009 இல் அறியப்பட்டது. காரணம், பொருள், நோய் ஆகியன இங்கு ஒரே சங்கிலியின் கண்ணிகள். அந்நொதியத்தைத் தடுக்கும் மருந்து 2017 இல் அமெரிக்காவிற் பயன்பாட்டுக்கு வந்தது.

இதனினும் முக்கியமான எடுத்துக்காட்டு சீனத்திலேயே உள்ளது. 1970களில் ஹார்பின் நகரில் சாங் டிங்டொங்கும் குழுவினரும் நாட்டுமருந்தொன்றிலிருந்து தொடங்கி, அதன் ஏனைய கூறுகளைக் களைந்து, ஆசனிக்கு மூவொட்சைட்டு ஒருவகை வெண்குருதிப் புற்றுநோயை மாற்றவல்லது எனக் கண்டனர். 2000 இல் அமெரிக்காவும் அதனை ஏற்றது. இவ்வெற்றியில் மரபு வகித்த பங்கு மறுக்கவியலாதது. ஆனால் அம்மருந்து யாருக்குப் பயன்படும் என்பதைத் தீர்மானித்தது நாடியன்று. 15ஆம், 17ஆம் நிறமூர்த்தங்களிடையே நிகழும் இடமாற்றமே அதனைத் தீர்மானித்தது. மரபின் மருந்து சோதனையைக் கடந்தது என்பதிலிருந்து மரபின் நோய்நிர்ணயமும் கடந்துவிட்டது எனக் கொள்ளுதல் தருக்கப் பிழையாகும். இவ்விரண்டையும் குழப்புதலே இத்துறை எழுத்துக்களின் பெருங்குறை எனலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்டு 2022 இல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பகுப்பு நூலில் ‘செங்’ போன்ற வகைகளுக்கும் ஓர் அதிகாரம் இடம்பெற்றுள்ளது. அது எண்ணிப் பதிவதற்கான வசதி, மெய்ம்மைக்கான சான்றிதழன்று. இவ்வேறுபாடு வெறும் புலமைப் பிரச்சினையுமன்று. மாற்றக்கூடிய நிலையிலுள்ள மார்பு, நுரையீரல், பெருங்குடல் முதலான புற்றுநோய்களுக்கு வழமையான சிகிச்சையைத் தவிர்த்து மாற்று மருத்துவத்தை மட்டும் நாடியோர் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ 2.5 மடங்கு என 2018 இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அம்மாற்று மருத்துவங்கள் பலவகையின. எனினும் ‘விஞ்ஞானம் எங்கள் மருத்துவத்தை நிறுவிவிட்டது’ என்னும் விளம்பர வாசகம் நோயாளியை எங்கு இட்டுச்செல்லக்கூடும் என்பதை இக்கணக்கு உணர்த்துகின்றது.

இவற்றாற் சீன மரபு நோய்நிர்ணயத்தைப் புறக்கணித்தல் வேண்டும் என்பது கருத்தன்று. ஒரே கட்டத்துப் புற்றுநோயாளர் இருவர் ஒரே மருந்துக்கு ஏன் வெவ்வேறாக எதிர்வினையாற்றுகின்றனர் என்னும் வினா மெய்யானது. அவ்வினாவை இம்மரபு நெடுங்காலமாகக் கேட்டு வந்துள்ளது. ஒருவர் மற்றவர் முடிபை அறியாத பல மருத்துவர் உடன்பட்ட நோயாளரைத் தேர்ந்து, நோய்க் கட்டத்தையும் ஊட்டத்தையும் ஒப்பவைத்து, கண்ட குறிகாட்டியை வேறொரு நகரத்து நோயாளரிடத்து மீளச் சோதித்து, அது சிகிச்சையின் பயனை முன்னறிவிக்கின்றதா எனக் காணும் ஆய்வே அம்மரபுக்குச் செய்யும் மெய்யான மரியாதையாகும். அச்சோதனையில் ‘செங்’ தோல்வியுறவும் இடமிருத்தல் வேண்டும். தோல்வியுற இடமில்லாத சோதனையிற் கிடைக்கும் வெற்றிக்குப் பொருளில்லை.

வாத, பித்த, கப நாடிகளைப் பேசும் நமது சித்த வைத்தியத்துக்கும் இதே கருவிகள் இன்று நீட்டப்படுகின்றன. மரபு நம்முடையது என்பதனால் அதற்குச் சலுகை வழங்குவோமாயின், நாம் அதனைப் போற்றியவராகோம். அதனை நம்பி வந்த நோயாளியையே கைவிட்டவராவோம்.